முதலில் கூப்பிட்டவளுக்கே லைப்ரரி

கொழுந்தன் மனைவியை அந்த ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்த்துவிட்டது மூத்தவளேதான். யாரும் அவள் கையைப் பிடித்து முறுக்கவில்லை. "எங்க ஆபீஸ்ல ஒரு இடம் காலியா இருக்கு, நான் சொன்னா கேப்பாங்க" என்று சாப்பிடும்போது அவளே வாயைத் திறந்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், கம்ப்யூட்டர் படித்த பெண், தன் நிழலில் நாலு வேலை கற்றுக்கொண்டு, 'எல்லாம் அக்கா காட்டின வழி' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரியும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. எட்டே மாதத்தில் நினைப்பு தலைகீழாகிவிட்டது.

கற்றுக்கொள்ளவேண்டியதை எல்லாம் இளையவள் முன்பே கற்றுக்கொண்டு வந்திருந்தாள். அதைக்கூட மன்னித்துவிடலாம். "ஓ, இதை இப்படிக்கூடப் பண்ணலாமேக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள் பாருங்கள், அதை எப்படி மன்னிப்பது? மூத்தவள் ஒன்பது வருடமாகக் கையால் செய்துவந்த வேலையை அவள் ஒரு டீ ஆறுவதற்குள் ஏதோ நாலு வரி எழுதித் தானாக நடக்க வைத்துவிட்டாள். ஆபீஸே கூடி நின்று பார்த்தது. மூத்தவளும் கைதட்டினாள். கை தட்டியது, வயிறு எரிந்தது.

வீட்டிலும் அதே கதை. இருவருக்கும் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது மாமியார். இரண்டு டப்பாவிலும் ஒரே சாப்பாடு, ஒரே அளவு. அந்த அம்மாளை ஓரவஞ்சனைக்காரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் இளையவள் டப்பாவில் அவித்த முட்டை தோல் உரித்து, இரண்டாக நறுக்கி, மிளகுத்தூள் தூவி இருக்கும். மூத்தவள் டப்பாவில் முட்டை முட்டையாகவே இருக்கும். ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் எட்டு மாதமாக ஓட்டை உடைத்துக்கொண்டே அவள் அதைப் பார்த்துவந்தாள். புருஷனிடம் ஒருநாள் சொன்னபோது, "முட்டைக்கெல்லாமா கோவப்படுவ?" என்றான். முட்டைக்கு யார் கோபப்பட்டார்கள்? ஆண்களுக்கு இதெல்லாம் எந்தக் காலத்தில் புரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். சென்டரில் எடுக்கும் ஸ்கேன் படங்கள் எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில் போய்ச் சேரும். அந்தக் காலத்தில் எக்ஸ்ரே பிலிம் கழுவிய இருட்டறைதான் இப்போது சர்வர் அறை. கனமான கதவு, சிவப்பு பல்பு, எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் போகாத ஒரு புளித்த வாடை. சர்வருக்குள் ஜாவா மென்பொருள் ஒன்று ஓடுகிறது. அதை ஒரு வீடு என்று வைத்துக்கொண்டால், உள்ளே இரண்டு குடித்தனம். முதல் குடித்தனம் மூத்தவளுடைய செயலி, பெயர் 'பெட்டகம்': ஸ்கேன் இயந்திரங்களிலிருந்து வரும் படங்களைச் சுருக்கிச் சேமித்து வைக்கும். இரண்டாவது இளையவள் எழுதியது, பெயர் 'ஜன்னல்': டாக்டர்கள் எங்கிருந்தாலும் போனிலேயே அந்தப் படங்களை விரித்துப் பார்க்கலாம். சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் இரண்டுக்கும் ஒரே லைப்ரரிதான் தேவை. அது ஜாவாவில் எழுதியதல்ல. சி மொழியில் எழுதி, லினக்ஸுக்கென்றே செய்த ஒரு கோப்பு. ஜாவா அதைக் கூப்பிட்டு உள்ளே ஏற்றிக்கொள்ளவேண்டும். இதை நேட்டிவ் லைப்ரரி என்பார்கள்.

சர்வருக்கு ரூட் பாஸ்வேர்ட் என்று ஒன்று உண்டு. அது இருந்தால் எதையும் தொடலாம், மாற்றலாம், அழிக்கலாம். இல்லாவிட்டால் அது உள்ளவரிடம் போய், "கொஞ்சம் இதைப் பண்ணிக் குடுங்க" என்று நிற்கவேண்டும். ஒன்பது வருடமாக அது மூத்தவளிடம் மட்டுமே இருந்தது. வீட்டில் எட்டு மாதமாக நகர்ந்து நகர்ந்து கொடுத்தவளுக்கு, நகராமல் உட்கார மீதி இருந்த ஒரே நாற்காலி அதுதான்.

அந்த நாற்காலிக்கும் வந்தது ஆபத்து. சென்டர் இன்னொரு கிளை திறக்கப் போகிறது, அதன் படங்களும் இதே சர்வருக்கு வரும், இனி சர்வருக்கு முறையாக ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று பெரிய டாக்டரம்மா சொல்லிவிட்டார். இதை அறிவித்தவர் மேனேஜர். எதைக் கேட்டாலும் 'பாப்போம்' என்பதால் ஆபீஸில் அவருக்குப் பெயரே பாப்போம் சார்.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டாக்டரம்மா வராங்க. ரெண்டு பேரோட செயலியையும் பாப்பாங்க. யாருது நல்லா ஓடுதோ அவங்கதான் பொறுப்பு. ரூட் பாஸ்வேர்ட் அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கும். இன்னொருத்தர் அவங்ககிட்ட கேட்டுப் பண்ணணும்."

"ஒன்பது வருஷமா என்கிட்டதானே சார் இருக்கு" என்றாள் மூத்தவள்.

"அதான் மேடம், பாப்போம்."

திங்கட்கிழமை காலை ஜன்னலை முதல்முறையாக சர்வரில் ஏற்றினார்கள். இளையவளின் மடிக்கணினியில் கண்ணாடிபோல் ஓடிய ஜன்னல், சர்வரில் படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கட்டத்தைக் காட்டியது. சர்வர் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் லாகைப் பார்த்தால், லைப்ரரியைக் கூப்பிடும் பகுதியைத் தொடங்க முடியவில்லை என்று வரி வரியாகப் புலம்பல்.

மூத்தவளுக்கு அந்தச் சாம்பல் நிறம் அவ்வளவு பிடித்துப்போனது.

"பாதை தப்பா இருக்கும்மா. லைப்ரரி எங்க இருக்குன்னு ஜாவாவுக்குத் தெரியலை. எனக்கும் ஆரம்பத்துல இப்படித்தான் வந்துச்சு" என்றாள், தோளைத் தட்டி. இதில் பொய் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது. நேட்டிவ் லைப்ரரி ஏறாவிட்டால் எல்லோரும் முதலில் பாதையைத்தான் பார்ப்பார்கள்.

இளையவள் பாதையைப் பார்த்தாள், சரியாக இருந்தது. கோப்பைப் படிக்க அனுமதி இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. லைப்ரரி அறுபத்துநாலு பிட்டா, ஜாவாவும் அறுபத்துநாலா என்று பார்த்தாள், இரண்டும் பொருந்தின. இந்த லைப்ரரி தன் பங்குக்கு வேறு எந்தெந்த லைப்ரரிகளைத் தேடுகிறது என்று பட்டியல் எடுத்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை. செவ்வாய் மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. உரித்த முட்டை உள்ளேயே கிடந்தது என்பதை மூத்தவள் கவனித்தாளா என்று கேட்காதீர்கள். டப்பாவை வீட்டுக்குத் தூக்கிவந்து, "பாவம் அத்தை, அவ சாப்பிடவே இல்லை" என்று மாமியாரிடம் கொடுத்ததே அவள்தான்.

மாமியார் பதறிப்போய் இளையவளுக்குச் சூடாகப் பால் ஆற்றிக் கொடுத்தார். மூத்தவள் எதிர்பார்த்தது அதுவல்ல.

புதன்கிழமை விடிந்த விதமே வேறு. எட்டரை மணிக்கு மூத்தவள் ஆபீஸ் படியேறும்போதே ஸ்கேன் எடுப்பவர் வழிமறித்தார். நாளெல்லாம் நோயாளிகளிடம் 'மூச்சைப் பிடிங்க, விடுங்க' என்று சொல்லிச் சொல்லி, அவர் வீட்டில் சண்டை போடும்போதும் அதே தாளத்தில்தான் பேசுவார் என்று கேள்வி. எல்லோரும் அவரை மூச்சுக்காரர் என்பார்கள்.

"ஆறரை மணியிலேர்ந்து ஒரு படம்கூட உள்ள போகலை மேடம். உங்க பெட்டகம் வாங்க மாட்டேங்குது. எல்லாம் மெஷின்லயே நிக்குது. பதினொரு பேர் வெளிய உக்காந்திருக்காங்க. ஒருத்தர் காலையிலேர்ந்து பட்டினி. நான் என்ன சொல்லட்டும் அவங்ககிட்ட, மூச்சைப் பிடிங்கன்னா?"

மூத்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டு நாளாக இளையவள் பக்கம் நின்ற அதே புலம்பல் இப்போது பெட்டகத்தின் லாகில். பக்கத்து மேசையில் இளையவளின் ஜன்னலோ பளபளவென்று யாருடைய நுரையீரலையோ காட்டிக்கொண்டிருந்தது.

"சரியாயிடுச்சாம்மா?" என்றாள் மூத்தவள், குரலை எப்படியோ சமப்படுத்தி.

"ஆமாக்கா. என்னன்னே தெரியலை, காலையில வந்து பாத்தா ஓடுது."

மூத்தவள் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, லாகை அடியிலிருந்து பார்ப்பதை விட்டுவிட்டு உச்சியிலிருந்து படித்தாள். இந்த ஜாவாவுக்கும் அவள் மாமியாருக்கும் ஒரே சுபாவம். கோபம் வந்ததற்கான காரணத்தை ஒரே ஒரு தடவை சொல்லும். அதைக் காதில் வாங்காமல் விட்டுவிட்டால், பிறகு நாள் முழுக்க 'என்னால முடியாது, முடியாது' என்ற முணுமுணுப்பு மட்டும்தான். காலை ஆறு முப்பத்திரண்டுக்கு அந்த ஒரு வரி இருந்தது. இந்த லைப்ரரி ஏற்கெனவே வேறொரு கிளாஸ்லோடரில் ஏற்றப்பட்டிருக்கிறது என்றது அது.

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கிளாஸ்லோடர் என்பது ஜாவா வீட்டில் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனித்தனியாக இருக்கும் ஏற்றுகிற ஆள். ஒரு நேட்டிவ் லைப்ரரி ஒரு நேரத்தில் ஒரு கிளாஸ்லோடருக்குத்தான் வாழ்க்கைப்படும். இரண்டாவது ஆள் கூப்பிட்டால் வராது. சர்வரை நிறுத்திக் கிளப்பும்வரை முதல் ஆளோடுதான். யார் முதல் ஆள்? யாருடைய செயலி முதல் படத்தைத் தொடுகிறதோ அவர். நினைவகம் சுத்தமாக இருக்கட்டும் என்று தினமும் காலை ஐந்து மணிக்கு சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி மூத்தவள்தான் செய்து வைத்திருந்தாள். வீட்டை விடியலில் கூட்டிப் பெருக்குகிற பழக்கம் அவளுக்கு சர்வரிலும் உண்டு. ஐந்துக்கு ரீஸ்டார்ட், ஆறரைக்கு முதல் ஸ்கேன். அதனால் தினமும் பெட்டகம்தான் முதலில் கூப்பிட்டது. இன்றைக்கு யாரோ ஒரு டாக்டர் அதற்குள் எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சரி செய்யும் வழியும் தெரிந்தது. லைப்ரரியைக் கூப்பிடும் பகுதியை இரண்டு செயலிகளிலிருந்தும் எடுத்துவிட்டு, சர்வரின் பொதுக் கோப்புறையில் ஒரே ஒரு பிரதியாக வைக்கவேண்டும். அப்போது அது இரண்டு குடித்தனத்துக்கும் மேலே இருக்கும் பொது ஆள் வசம் போய்விடும். யாரும் யாருக்கும் மறுக்க முடியாது. பத்து நிமிட வேலை. ஆனால் அந்தக் கோப்புறையைத் தொட ரூட் பாஸ்வேர்ட் வேண்டும். அவளைத் தவிர யாராலும் முடியாது.

பத்து நிமிட வேலையை அவள் செய்யவில்லை. சர்வரை ஒருமுறை நிறுத்திக் கிளப்பி, கையோடு ஒரு படத்தைப் பெட்டகத்துக்குள் தள்ளினாள். பெட்டகம் ஓடியது, ஜன்னல் சாம்பலானது. பதினொரு பேரின் படங்களும் ஏறின. மூச்சுக்காரர் மூச்சுவிட்டார்.

அதோடு நின்றாளா? இனிமேல் சர்வர் எழுந்த கணமே பெட்டகம் தானாக ஒரு படத்தைத் திறந்து பார்க்கும்படி இரண்டு வரி எழுதிச் சேர்த்தாள். சோதனைக்கு ஒரு படம் வேண்டுமே என்று தேடியபோது, மூன்று மாதத்துக்கு முன்பு மாமியாரைக் கூட்டிவந்து எடுத்த முழங்கால் ஸ்கேன் கண்ணில் பட்டது. அதையே வைத்தாள். முட்டை உரித்துக் கொடுக்காவிட்டாலும் முழங்காலாவது உதவட்டும் என்று.

மதியம் பாப்போம் சார் வந்து கேட்டார். "அந்தப் பொண்ணோடது மறுபடியும் வேலை செய்யலையாமே மேடம்?"

இளையவள் அங்கேயே நின்றிருந்தாள். மூத்தவள் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பாதைதான் சார் பிரச்சினை. நானும் சொல்லிட்டேதான் இருக்கேன்."

திங்கட்கிழமை சொன்னபோது அது யோசனை. புதன்கிழமை சொன்னபோது பொய். இரண்டுக்கும் வார்த்தை ஒன்றுதான்.

வியாழக்கிழமை எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. ஐந்து மணிக்கு முழங்கால் திறந்தது, லைப்ரரி பெட்டகத்தின் வசம் வந்தது. நிம்மதியாக உட்கார்ந்து, யார் யார் காலையில் வந்துபோனார்கள் என்ற பதிவைச் சும்மா புரட்டியவள் ஓரிடத்தில் நின்றாள். நாலு ஐம்பத்தொன்பதிலிருந்து ஐந்து மணி ஒரு நிமிடம்வரை ஜன்னலை ஒரே போனிலிருந்து முப்பத்துநாலு தடவை தட்டியிருக்கிறார்கள். நுழைந்தவர் பெயரைப் பார்த்தாள். டாக்டரும் இல்லை, நோயாளியும் இல்லை. இளையவள்.

புதன்கிழமைப் பதிவை எடுத்துப் பார்த்தாள். அன்றைக்கும் ஐந்து மணிக்கு அதே போன்.

'என்னன்னே தெரியலை, காலையில வந்து பாத்தா ஓடுது' என்றாளே, அந்த முகம் மூத்தவளின் கண்முன் வந்து நின்றது. இவ்வளவு பச்சையாக நடிக்கத் தெரிந்தவளா? தானும் அன்றைக்கே நடித்தோம் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. வராது. பொறாமைக்கு அடுத்தவர் செய்தது மட்டும்தான் பெரிதாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவள் எழுந்திருக்கவேண்டிய தேவையே இல்லை. முழங்கால் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். ஆனால் இளையவள் தோற்பதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? புருஷன் எழாதபடி மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு, நாலே முக்காலுக்குச் சமையலறைக்குப் போனாள். வீட்டில் இணையம் ஒழுங்காக எடுக்கும் இடம் அது ஒன்றுதான்.

விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. இளையவள் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில், ஸ்டூலில், காலை மடக்கி உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.



"தூக்கம் வரலைக்கா" என்றாள் இளையவள்.

"எனக்கும்தான்" என்றாள் மூத்தவள். இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். "தட்டு. அஞ்சு ஆகப் போகுது."

இளையவளின் விரல் போன்மேல் அப்படியே நின்றது. "தெரிஞ்சுபோச்சா?"

"நேத்து முப்பத்துநாலு தடவை. எண்ணிட்டேன். கதவைத் தட்டியிருந்தா கதவே உடைஞ்சிருக்கும்."

"மெல்ல பேசுங்கக்கா, அத்தை எழுந்துடுவாங்க."

"எழுந்தா என்ன, உனக்குப் பால் ஆத்திக் குடுப்பாங்க."

சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தொட்டது. இளையவள் என்ன நினைத்தாளோ, படபடவென்று தட்டினாள். மூத்தவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். நாற்பது விநாடி கழித்து மடிக்கணினியில் முழங்கால் திறந்தது. போனில் சாம்பல் கட்டம் வந்தது.

இளையவள் எட்டிப் பார்த்தாள். "அது யாரோட முழங்கால்?"

"அத்தையோடது."

"அத்தைக்கு முழங்கால்ல என்ன?"

"தேய்மானம். மூணு மாசமாச்சு. நான்தான் கூட்டிட்டுப் போய் எடுத்தேன். வேற யார்கிட்டயும் சொல்லாதன்னாங்க."

இளையவளின் முகம் விழுந்துபோனது. சாம்பல் கட்டத்தைப் பார்த்தபோதுகூட அப்படி விழவில்லை. "தினமும் என்கூடத்தான் உக்காந்து சீரியல் பாக்கறாங்க. எழுந்திரிக்கும்போது நான்தான் கை குடுக்கறேன். வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. உங்ககிட்ட மட்டும் சொன்னாங்களா?"

மூத்தவளுக்கு எட்டு மாதத்தில் அவ்வளவு இனிப்பான சொல் எதுவும் காதில் விழுந்ததில்லை. அந்த இனிப்பு கொஞ்ச நேரமாவது நிற்கட்டும் என்று சும்மா இருந்திருக்கலாம். இருப்பாளா?

"உங்கிட்ட சொல்லி என்ன பண்றது. புதன்கிழமை பதினொரு பேரை வெளிய உக்கார வெச்சவதானே நீ. தெரிஞ்சே பண்ணியா?"

"என்னோடது ஓடணும்னுதான் பண்ணேன். உங்களுக்கும் ஒரு நாள் அந்த வரி வரட்டும்னும் நினைச்சேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன். வெளிய ஆளுங்க உக்காருவாங்கன்னு சத்தியமா யோசிக்கலை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா நீங்க அன்னிக்கு மதியம் சார்கிட்ட பாதைதான் பிரச்சினைன்னு சொன்னீங்க பாருங்க, அப்போ உங்களுக்குத் தெரியும். தெரியும்தானே? அதனாலதான் நேத்தும் தட்டினேன்" என்றாள்.

"தெரியும்" என்றாள் மூத்தவள். "புதன்கிழமையே தெரியும். லாகை மேலேர்ந்து படிச்சேன்."

"நான் செவ்வாய்க்கிழமையே படிச்சேன்."

மூத்தவள் மடிக்கணினியை மூடப்போனவள், கையை எடுத்துவிட்டாள். பதினொரு பேர், முப்பத்துநாலு தட்டு, நடிப்பு, எல்லாம் ஒரு பக்கம் போயிற்று. செவ்வாய்க்கிழமை. ஒரு நாள் முன்னாலேயே. ஒன்பது வருட சர்வர், அவள் பெற்ற பிள்ளைபோல வளர்த்த சர்வர், அதன் மனதில் இருப்பதை எட்டு மாதக்காரி ஒரு நாள் முந்திக்கொண்டு படித்துவிட்டாள்.

"அப்போ சரி பண்ற வழியும் தெரிஞ்சிருக்குமே" என்றாள்.

"பொது போல்டர்ல ஒரே ஒரு காப்பி வெச்சா போதும். ரெண்டும் ஓடும்."

"ஏன் சொல்லலை?"

"ரூட் உங்ககிட்ட இருக்கு. உங்ககிட்ட வந்து கேக்கணும். கேட்டா, 'பாத்தீங்களா, என்கிட்டதான் வரா'ன்னு ஆபீஸ் பூரா சொல்வீங்க." இளையவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "இப்பவும் கேக்கப்போறதில்லை. பத்து மணிக்கு டாக்டரம்மா வரட்டும். நேரா அவங்ககிட்டயே காரணத்தையும் சொல்றேன், வழியையும் சொல்றேன். பாஸ்வேர்ட் இருந்தா பத்து நிமிஷத்துல முடிச்சிருப்பேன்னு சொல்றேன். அப்புறம் யார்கிட்ட குடுக்கணும்னு அவங்களுக்கே தெரியும்."

சொல்லிவிட்டுப் பால் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள். எவ்வளவு நிதானம் பாருங்கள்.

மூத்தவளுக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சும்மா இருந்தால் பத்து மணிக்கு அவள் சொல்லிப் பேர் வாங்குவாள். சரி செய்தால் அவள் ஜன்னல் ஓடும், அதிலும் பேர் வாங்குவாள். இரண்டில் எது குறைவாக எரியும் என்று அவள் யோசித்தாள். பால் பொங்குவதற்குள் முடிவெடுத்துவிட்டாள். சரி செய்தது யார் என்றாவது தன் பெயரில் இருக்கட்டும்.

மடிக்கணினியைத் தன் பக்கம் நன்றாகத் திருப்பி, பாஸ்வேர்டை அடித்தாள். இரண்டு செயலியிலிருந்தும் அந்தப் பகுதியை எடுத்தாள், பொதுக் கோப்புறையில் ஒன்றை வைத்தாள், மாமியாரின் முழங்காலை வேலையிலிருந்து விடுவித்தாள், சர்வரை நிறுத்திக் கிளப்பினாள். பெட்டகத்தில் ஒரு படம் ஏற்றினாள், ஏறியது. இளையவள் போனை நிமிர்த்திப் பார்த்தாள். அதே படம் ஜன்னலில் விரிந்தது. ஐந்து நாளில் முதல்முறையாக இரண்டும் ஒரே நேரத்தில் ஓடின. சமையலறையில் யாரும் சிரிக்கவில்லை.

"காப்பி போடட்டுமாக்கா?"

"போடு. சக்கரை கம்மியா."

பத்து மணிக்குப் பெரிய டாக்டரம்மா வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெட்டகத்தைப் பார்த்தார், "ம்" என்றார். ஜன்னலை வாங்கித் தன் போனிலேயே ஒரு மூளைப் படத்தை விரித்துப் பெரிதாக்கி, "அட, இது நல்லா இருக்கே" என்றார். ஒரு 'ம்'முக்கும் ஒரு 'அட'வுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று மூத்தவளைக் கேட்டால் சரியாக அளந்து சொல்லியிருப்பாள்.

"இந்த வாரம் பூரா ஏதோ தகராறுன்னாங்களே, என்ன அது?"

மூத்தவள் முந்திக்கொண்டாள். காரணத்தைச் சொன்னாள், தான் காலையில் சரி செய்ததையும் சொன்னாள்.

"பத்து நிமிஷ வேலைதானா? அப்புறம் ஏன் அஞ்சு நாள் ஆச்சு?"

அங்கேதான் மூத்தவள் வாயை விட்டாள். குரலில் தேனைத் தடவிக்கொண்டு, "இவ ரொம்ப கெட்டிக்காரி மேடம். செவ்வாய்க்கிழமையே கண்டுபிடிச்சுட்டா" என்றாள். பாராட்டுபோல இருக்கும், செவ்வாய்க்கிழமையே தெரிந்தவள் ஏன் புதன்கிழமை பதினொரு பேரை உட்கார வைத்தாள் என்று டாக்டரம்மா தானே கேட்டுக்கொள்வார் என்பது அதற்குள் இருந்த ஊசி.

இளையவள் அதே தேனை எடுத்துத் தடவினாள். "அக்கா மட்டும் என்ன மேடம், புதன்கிழமையே கண்டுபிடிச்சுட்டாங்க. அவங்ககிட்ட பாஸ்வேர்டும் இருந்துச்சு."

பாப்போம் சார் தரையைப் பார்த்தார். டாக்டரம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடுதானே?"

"ஆமா மேடம்" என்றார்கள் இருவரும் சேர்ந்து. அந்த வாரத்தில் அவர்கள் சேர்ந்து சொன்னது அது ஒன்றுதான்.

"கீழ மயக்க மருந்து வைக்கிற அலமாரிக்கு ரெண்டு பூட்டு. ரெண்டு நர்ஸ்கிட்ட ஒவ்வொரு சாவி. ஒருத்தி இல்லாம இன்னொருத்தி திறக்க முடியாது. எதுக்குத் தெரியுமா? ரெண்டு பேரும் நல்லவங்கதான். தனியா விட்டா யாருக்கு எப்போ என்ன தோணும்னு சொல்ல முடியாது, அதுக்குத்தான்." பாப்போம் சார் பக்கம் திரும்பினார். "புது பாஸ்வேர்ட் போடுங்க. முதல் பாதி இவங்க அடிக்கட்டும், ரெண்டாவது பாதி அவங்க. ஒருத்தரோடது இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது."

"பாப்போம் மேடம்" என்றார் அவர், பழக்கதோஷத்தில்.

"பாக்கவேண்டாம். இப்பவே போடுங்க."

அப்படித்தான் ஆயிற்று. அன்று மதியமே இருவரும் சிவப்பு பல்பு எரியும் அந்த அறைக்குள் சேர்ந்து போனார்கள். மூத்தவள் அடிக்கும்போது இளையவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பிறகு இளையவள் உட்கார்ந்தாள், மூத்தவள் திரும்பி நின்றாள். முகம்தான் சுவர்ப்பக்கம் இருந்தது. காது முழுக்க விசைப்பலகையில். டக், டக் என்று விழும் ஒவ்வொரு சத்தத்தையும் அவள் விரல் மடக்கி எண்ணினாள். தன்னுடையது எட்டு. இளையவளுடையது ஒன்பதில் நின்றது.

வெளியே வந்து நேராகப் பாப்போம் சாரின் மேசைக்குப் போனாள்.

"சார், பாதின்னுதானே சொன்னாங்க. அவளுக்கு மட்டும் எப்படி ஒண்ணு கூட?"